வண்டித் தண்ணி

தப்பு என் நாக்குல. வேற யாரையும் நான் சொல்ல மாட்டேன்.

எழுபத்திரெண்டு பங்குனியில, தூத்துக்குடி புது ஹார்பர் ரோட்டுல அந்த மனையைப் பாக்கப் போனோம். எங்க வீட்டுக்காரர் ஞானையா சார், வாத்தியாரு. அவியளுக்கு நிலம் நீச்சு ஒண்ணும் தெரியாது. "ஹார்பர் தொறக்கட்டும், கேட்ட வெலைக்குப் போகும்"னு புரோக்கர் பிச்சையா சொன்னதுக்கெல்லாம் மண்டையை மண்டையை ஆட்டினாவ. நான் விடல. நாசரேத்துக்காரில்லா நான்! எங்க வறண்ட சீமையில கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாக்காம எவனும் நிலம் வாங்க மாட்டான். மனையில ஒரு உறைகிணறு கிடந்துச்சு. எறைக்கச் சொல்லிக் குடிச்சேன். இளநி கணக்கா இருந்துச்சு. "முடிச்சிருங்க"ன்னேன். மக கிரேசி கல்யாணத்துக்குன்னு வச்சிருந்த நகை அத்தனையும் அந்த மண்ணுல போச்சு.

ஐப்பசி மழையில போய்ப் பாத்தா மனை முழுக்க முழங்கால் தண்ணி. வடிஞ்ச பெறகு கிணத்துல வாளியை விட்டோம். வாயில வைக்க முடியல, அப்படிக் கரிச்சுது. பக்கத்து உப்பளத்துல வேலை செஞ்ச சங்கரம்மாள்தான் சொன்னா: "இது உப்போடை மண்ணுல்லா அக்கா. நீங்க வந்த அன்னைக்குக் காலையில, கிணத்துல கிடந்த உப்புத் தண்ணியை எறைச்சுட்டு, பீப்பாய் வண்டியில நல்ல தண்ணி கொண்டாந்து ஊத்துனாவ."

எங்க ஊர்க்காரியளுக்கு நாக்கு எப்படின்னு அந்தப் பாவி பிச்சையாவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

சார் என்னை ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருக்கலாம். ஜெபம் பண்ணும்போது கிரேசி பேரு வந்தா மட்டும் குரல் உள்ள போயிரும். அதைத்தான் என்னால தாங்க முடியல.

மூணு வருஷமாச்சு. ஹார்பரும் தொறந்தாச்சு, எங்க மனையைக் கேட்டு ஒரு ஆள் வரல. இப்ப கிரேசிக்குச் சாத்தான்குளத்துல நல்ல இடம் அமைஞ்சிருக்கு. ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம் வைக்கணும்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாவ. நகை இல்லன்னா அந்த இடம் போயிரும். வெக்கத்தை விட்டுப் பிச்சையாகிட்டயே போய் நின்னேன்.

"வித்துத் தாரேன். நீங்க வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்"னான்.

இன்னைக்குக் காலையில பீப்பாய் வண்டி வந்து ஊத்திட்டுப் போச்சு. பத்து மணிக்குப் பாஞ்சாலங்குறிச்சியில இருந்து சீனித்தாய்னு ஒருத்தி புருசனோட வந்தா. கழுத்துல வெறும் மஞ்சக்கயிறு. தாலிக்கொடியை வித்திருக்கான்னு கேக்காமலே தெரிஞ்சுது. மனையை ஏறிட்டும் பாக்கல, நேரா கிணத்தடிக்குப் போனா. ரெண்டு கையையும் ஏந்திக் குடிச்சா. அவ முகம் தெளிஞ்சுது.

"நீங்களும் குடிச்சுப் பாத்துத்தான் வாங்குனீயளா அக்கா?"

பிச்சையா என்னையே பாத்துக்கிட்டு நின்னான். சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ.

"ஆமாம்மா. நானும் குடிச்சுப் பாத்துத்தான் வாங்குனேன்"னேன்.

அதுல பொய் ஒண்ணுமில்ல.

அவ புருசன் பக்கம் திரும்பி, "முடிச்சிருங்க"ன்னா.