ஒரு வியாதி மட்டும் தெரிந்த வீடு

ஜன்னலைச் சாத்தச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். வெளியே தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி போகும்போதெல்லாம் புழுதி கிளம்பி நேராக வீட்டுக்குள் வந்தது. சுவரோரம் நின்றிருந்த ஒருவர் எட்டி இரண்டு கதவுகளையும் இழுத்துக் கொக்கி மாட்டினார்.

"வெக்கை உள்ள வராது. பெட்டிக்கும் நல்லது."

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது தொண்டைக்கு வராமல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் பெயிண்டர் படுத்திருந்தார். அவள் கணவர், முப்பது வருஷமாக ஊரார் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் அடித்தவர். பெட்டியின் மோட்டார் உள்ளே அவரைக் குளிர வைத்துவிட்டு, அந்தச் சூட்டையெல்லாம் காலடியில் உட்கார்ந்திருந்த அவள் மேல் ஊதிக்கொண்டிருந்தது. மணி இரண்டு. வெளியூரிலிருக்கும் மகன் வந்து சேர ஆறாகிவிடும். அதுவரை அவள் எழுந்திருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்பினால்தான்.

"அடக்கி வைக்காதம்மா. அழுதுடு."

"பாரு, துக்கம் நெஞ்சுல எப்படி முட்டுதுன்னு."

முட்டியது துக்கம் இல்லை. இழுப்பு.

அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வெயில் காலம் வந்துவிட்டால் அந்த வீட்டில் எல்லாமே அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கும். பதினொன்றிலிருந்து நாலு வரை அவள் வாசல் தாண்டக் கூடாது. ஜன்னலில் ஈரத்துணி. மருந்து, சூடு படாத அலமாரியில். பெயிண்டர் வேலை செய்த வீட்டிலேயே குளித்து, துணி மாற்றி, பெயிண்ட் வாசனை துளியும் இல்லாமல்தான் படியேறுவார். "தினமும் பொண்ணு பார்க்க வர்றவன் மாதிரி வர்றேன், நீ ஒரு காபிகூட சிரிச்சுக்கிட்டு குடுக்க மாட்டேங்கற" என்பார்.

இன்று காலை ஏழரைக்கு, வேலைக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நெஞ்சைப் பிடிக்குது. உன் சொத்துல எனக்கும் பங்கு வந்துடுச்சு போல."

முப்பது வருஷம் சுவரைத் தேய்த்த தூசி; வராமலா இருக்கும் என்றுதான் இருவருக்கும் பட்டது. அந்த வீட்டுக்கு ஒரு வியாதிதான் தெரியும், ஒரு மருந்துதான் தெரியும். அவள் இழுப்புக்கு உறிஞ்சும் தன் நீல மருந்துக் குப்பியைக் குலுக்கி அவர் வாயில் வைத்தாள். இரண்டு அழுத்து.

"தேவலையா?"

"ம்... தேவலை."

கால் மணி கழித்து இன்னும் இரண்டு. ஈரத்துணியை மறுபடி நனைத்துப் போட்டாள். வியர்வை தலையணையில் இறங்கிய பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "வலி வந்து எவ்வளவு நேரமாச்சு?" முக்கால் மணி என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தீர்ப்பாக அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த மருந்து இப்போது அவள் இடுப்பு மடிப்பில்தான் இருந்தது. தொடுவதில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு செய்திருந்தாள். அவரை ஏமாற்றிய மருந்தில் தான் பிழைத்துக்கொள்வதா? கடவுளே, என்னைக் கேட்க வேண்டியதை இங்கேயே கேட்டுவிடு என்று வேண்டிக்கொண்டாள். தண்டனை கொடுக்கும் வேலையை அவன் கையிலிருந்து நாமே பிடுங்கிக்கொள்கிறோம் என்பது துக்கத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

வாசற்படியில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வெயில்ல பெட்டிக்குள்ள இருக்கறவருக்குத்தான்யா சுகம்."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. காதுல விழப்போகுது."

விழுந்தது. சிரிக்கக்கூடத் தோன்றியது, அவர் இருந்தால் சிரித்திருப்பார். இன்னும் நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். பூ வாசனை, வியர்வை, யாரோ பூசியிருந்த சென்ட். ஒவ்வொரு மூச்சும் ஊசிக் காதில் கயிறு கோர்ப்பது போல ஆயிற்று. பக்கத்துப் பெண் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து அழுத்தினாள். இருந்த கொஞ்சம் காற்றும் போயிற்று.

பெட்டியின் தலைமாட்டில் அவள் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பெயிண்டருக்கு அக்கா, பள்ளிக்கூடத்தில் ஆயா. ஒரு அதட்டலில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கிற குரல். காலையிலிருந்து அந்தக் குரல் வெளியே வரவில்லை. இப்போது தலையை நிமிர்த்தி, தம்பி பெண்டாட்டியின் கழுத்துக்குக் கீழே இருந்த குழியையே பார்த்தாள். அழுகிறவர்களுக்குத் தோள் குலுங்கும். இவளுக்குக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

"விடுங்க அவளை."

"துக்கம் தாங்காம..."

"துக்கமும் இல்ல, மண்ணும் இல்ல. கைய விடும்மா மொதல்ல!"

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கூட்டத்தை இடித்துக்கொண்டு சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத இடம். இருந்த ஒரே ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அதைத் திறந்துவிட்டு, அவளை ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"மருந்து எங்க?"

அவள் தலையசைத்தாள். "வேணாம்... அண்ணி."

"வேணும் வேணாம்னு சொல்றதுக்கு இதென்ன காபியா? எங்கடி வச்சிருக்க?"

"காலைல... அவருக்கு... இதத்தான்... குடுத்தேன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு செலவானது. "நெஞ்சு வலின்னு... தெரியல... முக்கால் மணி... நான்தான்..."

சொல்லிவிட்டாள். இனி இந்தக் குரல் வீடு முழுக்கக் கேட்கும் என்று கண்களை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாள் முன்னாடி எனக்கு போன் பண்ணான்" என்றாள். "சாரத்துல ஏறும்போது இடது கை மரத்துப் போகுதுக்கா, நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்குன்னான். உடனே டாக்டரப் பாருடான்னேன். 'வெயில் தணியட்டும்க்கா. இப்ப சொன்னா அவ பயந்துடுவா, பயந்தா இழுப்பு வந்துடும். அவகிட்ட மூச்சு விடாத'ன்னு சத்தியம் வாங்கிட்டான். நானும் சரின்னுட்டேன்." முந்தானையால் வாயைப் பொத்தி எடுத்தாள். "ஊரே என்னை வாயாடிங்குது. பேச வேண்டிய அன்னிக்கு வாய மூடிட்டு இருந்தேன்டி."

கோபம் வந்திருக்கலாம். வருவதற்கு மூச்சு இல்லை.

"நீ தெரியாம பண்ண. நான் தெரிஞ்சு சும்மா இருந்தேன்." நாத்தனார் அவள் முழங்காலைப் பிடித்தாள். "அவன்கிட்ட இனிமே மன்னிப்புக் கேக்க முடியாது. நீயும் போயிட்டா நான் யார்கிட்ட போய்க் கேப்பேன், சொல்லு?"

முழங்காலில் இருந்த கை பிடியை விடவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்ட கை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பு மடிப்பை அவிழ்த்து, மருந்தை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

நாத்தனார் அவசரமாக எழுந்து அதை அவள் வாயருகே கொண்டுவந்தாள்.

"தலைகீழா... இருக்கு அண்ணி."

"சரி சரி. நான் என்ன டாக்டருக்கா படிச்சேன்?" திருப்பிப் பிடித்தாள். "குலுக்கணுமா? குலுக்கியாச்சு. இருக்கிற மூச்ச வெளிய விடு. ம்... அழுத்தட்டுமா?"

அவள் கண்ணால் சொன்னாள்.

கசப்பாக ஒரு குளிர் தொண்டையில் இறங்கியது. அது நெஞ்சில் தங்குவதற்காக அவள் வாயை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஏழாவது விரலில் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நாத்தனாரும் கன்னங்கள் உப்ப, உதடுகளை இறுக்கிக்கொண்டு, முகம் சிவக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.