பிள்ளைக்குப் பிறகு கல்யாணம்

1974 மாரியம்மன் திருவிழாவுக்கு தேயிலை எஸ்டேட்டில் போட்ட ‘தாளக்கட்டு தர்மலிங்கம்’ படம் மாதிரி ஒரு கண்றாவியை இந்த மலையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. கதாநாயகன் தண்ணீர் கேட்டாலும் பாட்டு, தேள் கொட்டினாலும் பாட்டு. சரி, கிறுக்கன் பாடிவிட்டுப் போகட்டும் என்றால், இரட்டைப் பிள்ளைகள் முதலில் வந்து “அப்பா” என்றார்கள். அப்புறம்தான் அவன் பெண் பார்க்கவே போனான். படத்தின் பெயரே பாதியில்தான் வந்தது. கொழுந்து பறிக்கும் வேலாயி எழுந்து நின்று, “தாலி கட்டுறதுக்கு முன்னாடி புள்ளையா? இதை எடுத்தவன் வெளங்குவானா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

படம் ஓட்டிய சிவசாமிக்குத்தான் விஷயம் தெரியும். பனி ஈரத்தில் நாலு ரீல் டப்பாக்களிலும் ஒட்டியிருந்த நம்பர் சீட்டுகள் உதிர்ந்துவிட்டன, குத்துமதிப்பாக மாட்டியிருந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வாரா மனுஷன்! வேலாயியைவிடச் சத்தமாக அவரே படம் எடுத்தவனைத் திட்டினார். பதினோரு வருஷம் திட்டினார்.

வினை 1985இல் வந்தது. சின்ன வயதில் அன்று சாக்கில் உட்கார்ந்து பார்த்த எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியின் மகன் ராஜு, இப்போது கோலாலம்பூரில் பத்திரிகைக்காரன். ஞாயிறு மலரில் அந்தப் படத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தள்ளினான்: ‘காலத்தையே தலைகீழாக்கிய மேதை!’ அவ்வளவுதான், எஸ்டேட் மொத்தமும் பல்டி அடித்தது.

“நான் அப்பவே சொன்னேன்லா, நல்ல படம்னு,” என்றாள் வேலாயி, கொஞ்சமும் கூசாமல்.

ஆனால் அதே படத்தை ஈப்போவில் பார்த்த ஒருவர், கதை நேராகத்தான் போகிறது, இந்த ராஜு படத்தைப் பார்க்காமலே புளுகுகிறான் என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். ராஜு பதறிப்போய், எங்கோ தேடிப் பிடித்த அதே படத்தின் பெட்டியோடு திருவிழாவுக்கு வந்து இறங்கினான்.

“மாமா, நீங்கதானே ஓட்டுனீங்க? எடிட்டரு வேலைய விட்டுத் தூக்கிருவேன்றாரு. நான் பாத்தது பொய்யா?”

சிவசாமி யோசித்தார். சொன்னால் தன் மானம் போகும், சொல்லாவிட்டால் பையன் பிழைப்பு போகும். திடலில் ஊரே கூடியிருந்தது. மைக்கைப் பிடித்தார்.

“நீ பாத்தது நெசம்தாம்பா. ரீல மாத்திப் போட்டவன் நான்தான். எடுத்தவன் பாவம், அவன் மேல தப்பில்ல,” என்று போட்டு உடைத்தார்.

சிவசாமி தலையைக் குனிந்தபடி, இந்த முறை ஒழுங்கான வரிசையில் ஓட்டினார். தர்மலிங்கம் பெண் பார்த்தான், பாடினான். தாலி கட்டினான், பாடினான். கூட்டம் கொட்டாவி விட்டது. சிலர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

“நிறுத்துடா சிவசாமி!” வேலாயியின் குரல்தான். “கல்யாணம் பண்றான், புள்ள பெக்கப் போறான். இத எங்க லைன் வீட்டுலயே தெனம் பாக்கலாம்லா! அவன் எடுத்தது எங்களுக்கு வேணாம். நீ உன் படத்தப் போடு!”

கூட்டம் கைதட்டியது. சிவசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலாம் ரீலை எடுத்து முதலில் மாட்டினார்.