ரெண்டே கால் அடி

மூன்றடித் தொட்டியில் நீல டேங் என்கிற கடல் மீனை வளர்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வளர்ப்புக் கடல் மீன் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது, இன்னும் அந்தக் கோபம் அடங்கவில்லை. அன்று அதைச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் வைக்கப் போகிறாராம்.

"படிச்சவர்தானே டாக்டர் நீங்க? இப்ப உள்ளங்கை அளவுதான் இருக்குன்னு பாக்காதீங்க. ஒரு அடி வளரும். விளக்கைப் போட்டதுலேருந்து அணைக்கிற வரைக்கும் நீந்திக்கிட்டே இருக்குற ஜென்மம் இது. ஆறடி நீளம் இல்லாம இந்தப் பேச்சையே எடுக்காதீங்க."

"நீளத்துக்குத்தாங்க இடமில்ல. உயரம் நாலடி வெச்சுக்கலாம். ஐந்நூறு லிட்டர் பிடிக்கும். லிட்டர் கணக்கு சரியா வருதே?"

லிட்டர் கணக்கு! எவன் கண்டுபிடித்தானோ, அவன் நாசமாகப் போக.

"கிணத்துல கூடத்தான் லட்சம் லிட்டர் இருக்கு. உள்ள இறங்கி ஓடிப் பாருங்களேன்! இது மேலயும் கீழயும் போற மீன் இல்ல. நேரா போகணும். நீளம் வேணும், நீளம்!"

பின்கட்டில் தொட்டிக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னொரு சம்பந்தமும் தட்டிப்போச்சு."

டாக்டர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. வீட்டுக்காரரின் மேஜையில் கிடந்த அளவு டேப்பை எடுத்தார். அந்த டேங் மீன் இருந்த தொட்டியின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துப் பிடித்தார்.

"ரெண்டே கால் அடி" என்றார்.

"இது கடைத் தொட்டி டாக்டர்! வர்ற மீன் நாலு நாள் தங்கிட்டுப் போற இடம். எல்லாக் கடையிலயும் இப்படித்தான்."

"இது வந்து எத்தனை நாளாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது. "பதினோரு மாசம்."

டாக்டர் குனிந்து பார்த்தார். "மேல் உதடு தேஞ்சிருக்கும்மா. கண்ணாடியில முட்டி முட்டி வெளுத்துப் போயிருக்கு. வாயைப் பாக்குறதுதானே என் தொழில்." டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டிவிட்டாவது போயிருக்கலாம் அந்த மனுஷன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த வலையைத் தரையில் அடித்தேன். நேராகப் பின்கட்டுக்குப் போனேன்.

"பதினோரு மாசமா வாயைத் தச்சா வெச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ கேட்டுட்டுத்தான் மறுவேலை பாப்ப!" அவர் பசைக் குழாயைக் கீழே வைத்தார். "போன மாசம் பஸ் ஓட்டுற அந்தக்கா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? ஆறடித் தொட்டி. ஒரு வருஷமா ஓடிப் பக்குவமான தண்ணி. அவங்களை என்ன சொல்லி விரட்டின? தொட்டி மோட்டார் சத்தத்துல மீன் மிரளும்னு சொன்ன. அந்த மோட்டாரை நீ கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை. காலையில் கடைக் கதவைத் தூக்கியதும் என் முகத்தைப் பார்த்து ஓடி வருவது கடையிலேயே அந்த மீன் ஒன்றுதான். அதை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆறடி, ஏழடி என்று ஊரையெல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டதெல்லாம் அதற்குத்தான். என்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

பஸ் ஓட்டுகிற அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசினீங்களே?" என்றார்.

"பேசினேங்க்கா. திட்டணும்னா நேர்ல வெச்சுத் திட்டுங்க. உங்க தொட்டியில இன்னும் இடம் இருக்கா?"

"சின்ன மீனுங்க நாலுதான் இருக்கு. எடுத்துட்டு வாங்க."

அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் கொண்டுபோனோம். அக்கா வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்து நின்றது ஆறடித் தொட்டி. மோட்டார் ஓடுவதே காதில் விழவில்லை. அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் விட்டு, ஒரு மணி நேரம் பழக்கி, மீனை உள்ளே இறக்கினேன்.

இடது மூலையிலிருந்து விர்ரென்று கிளம்பியது. நடு வழியில் சட்டென்று திரும்பி, வந்த வழியே போனது. பாறை ஏதும் மறிக்கிறதோ என்று பார்த்தேன். பாறை இல்லை. மறுபடி கிளம்பியது, அதே இடத்தில் திரும்பியது. அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க!" என்று கத்தினேன்.

"புது இடம்தானே, பழகிக்கும்மா" என்றார் அந்த அக்கா. என்னைத் திட்ட வேண்டியவர், என் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

தொட்டியின் வலது கோடிக்குப் போய், கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "இங்க வாடா. எவ்வளவு இடம் இருக்கு பாரு. வாயேன்டா, சனியனே!"

என்னைப் பார்த்துவிட்டது. தினமும் காலையில் வருகிற அதே வேகத்தில் என்னை நோக்கி வந்தது. பாதித் தொட்டியைக்கூடத் தாண்டாமல் திரும்பிப் போனது.