லுஸ் தாரியின் ஞாயிற்றுக்கிழமை

"இனி எதுக்கும் கவலைப்படாதே. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப இப்பவே என் மூக்கைச் சிந்திவிடு."

மெதெயின் நகரத்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, மலைப்பாதையில் பேருந்தில் திரும்பும்போது லுஸ் தாரியும் அவள் கணவன் அர்னுல்ஃபோவும் பேசிக்கொண்டது இது. அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அவளுடைய அம்மாவுக்கும் மாமாக்களுக்கும் ஏறக்குறைய இதே வயதில்தான் மறதி நோய் வந்தது; இப்போது அவளுக்கும் அதுவே என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த மலையூர்களில் சில குடும்பங்களை அது தலைமுறை தலைமுறையாக விடாமல் பிடித்திருந்தது. அர்னுல்ஃபோவிடம் அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது. அவன் கண் கலங்கியிருந்ததால் கேட்கவில்லை.

சொன்னபடியே செய்தான். அடுப்பைத் தொட வேண்டாம் என்று சோள ரொட்டியைத் தானே சுட்டான், கருக்கவும் செய்தான். அவள் உடுத்த வேண்டியதை எடுத்து வைத்தான். யாராவது அவளை நலம் விசாரித்தால் அவனே பதில் சொன்னான். அவளுக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் தனியாகச் சந்தைக்குப் போய் உருளைக்கிழங்கும் கொத்தமல்லியும் வாங்கி வருவாள்.

ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் வரவில்லை. அர்னுல்ஃபோ சந்தை முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் அவளுடைய அம்மா வாழ்ந்த வீட்டில் கண்டுபிடித்தான். எப்போதோ விற்ற வீடு. இப்போது அங்கே இருப்பவள் எல்விரா.

"நேரா அடுப்படிக்கு வந்தா, காபியை ஊத்திக்கிட்டு உக்காந்தா. சர்க்கரை போதலைன்னு வேற சொன்னா," என்றாள் எல்விரா. "ஆனா கப்பைக் கழுவி வச்சுட்டாப்பா. என் மருமக இன்னிக்கு வரைக்கும் கழுவினதில்ல."

அர்னுல்ஃபோ சிரிக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் ஒரு பூட்டு வாங்கினான்.

வீட்டில் அவனுடைய அக்கா ஃபபியோலா காத்திருந்தாள். அவன் வெளிக்கதவில் கொண்டியை முடுக்கத் தொடங்கினான். லுஸ் தாரி பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"யாருக்கு இது?"

"திருடனுக்கு."

"நம்ம வீட்ல திருட என்ன இருக்கு? உன் கருகின ரொட்டியா?"

"உன் நல்லதுக்குத்தான், தாரி," என்றாள் ஃபபியோலா. பிறகு தம்பியிடம் திரும்பினாள். "அவகிட்ட என்னடா பேச்சு? மாட்டு. கொஞ்ச நேரத்துல மறந்துடுவா."

"நான் இங்கதான் நிக்கறேன், அண்ணி."

அர்னுல்ஃபோவின் கை நின்றது. லுஸ் தாரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல் நழுவியது. அவன் வழக்கம்போல அதை எடுத்துக்கொடுக்கப் பார்த்தான். அவள் வேண்டாமென்று கையை உயர்த்திவிட்டு, அது தானாகத் திரும்பி வரும்வரை நின்றாள்.

"பூட்டாதே, அர்னுல்ஃபோ. வழி தப்பினா தப்பிட்டுப் போறேன். இந்த ஊர்ல தொலஞ்ச மாட்டையே வீடு தேடிக் கொண்டுவந்து விடறாங்க, என்னை விட மாட்டாங்களா? ஒரு நாள் எனக்கே பயம் வரும், அப்ப நானே பூட்டச் சொல்றேன். அதுவரைக்கும்…" மூச்சு வாங்கினாள். "எது செய்யறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுச் செய். அன்னிக்கு பஸ்லயே இதைத்தான் கேக்க நினைச்சேன்."