நெற்றிக்குப் பின்னால் நீலம்

மனோன்மணியின் கையில் ஊசி ஏற்றிவிட்டு, அரை மணித்தியாலத்துக்கு அவளோடு யாரும் கதைக்கக்கூடாது என்று சொல்லிப் போனாள் தாதி. வெளிச்சம் குறைத்த சின்ன அறையில் அவள் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். கணவர் கனகரத்தினம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். ஊசிமருந்து இரத்தத்தோடு மூளைக்குப் போகும், இரத்தம் நன்றாக ஓடும் இடமெல்லாம் படத்தில் பிரகாசமாகத் தெரியும் என்று மகள் யதுர்சிகா அவருக்கு விளக்கியிருந்தாள். கொழும்பில் வேலை செய்கிற அவள்தான் இதற்கு நாள் எடுத்தவள். அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. முதலில் எடுத்த சாதாரண ஸ்கானில் ஒரு பிழையும் தெரியவில்லை. பிழை இல்லையென்றால் அது குணம். தன்னோடு முப்பது வருடம் வாழ்ந்தவளின் குணம் ஐம்பத்தாறு வயதில் கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அவர்களுடைய ஊரான நானாட்டானில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. மிட்வைஃப் மிஸ். வெள்ளத்தில் ட்ராக்டர் பெட்டியில் ஏறிப்போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்தவள். பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் இப்போதும் அவளுக்குப் பிசகாமல் நினைவிருக்கின்றன. திகதி கேட்டால் உடனே சொல்வாள். அதனால்தான் அவரால் இதை ஒரு நோய், வருத்தம் என்று எடுக்க முடியவில்லை. ஆனால் பிள்ளை இறந்து பிறந்த ஒருத்தியிடம், அடுத்த வருடம் பெறலாம், எழும்பு என்று சொல்லியிருந்தாள். முறைப்பாடு போய், வேலையை விடவேண்டி வந்தது. றிஷாட்டின் கடையில் இனிப்புப் போத்தலுக்குள் கையை விட்டு அள்ளிக்கொண்டு காசு கொடாமல் நடந்தாள். போன ஆவணியில், பாப்பாமோட்டையில் கூடப்பிறந்த தங்கை செத்துக் கிடக்க, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, தனக்குப் பசிக்கிறது, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டாள். சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கனகரத்தினம் அவளை முற்றத்துக்கு இழுத்துவந்து கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் அவளை அடித்ததில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பல தடவை.

இரண்டு நாள் கழித்து டொக்டர் நூர்ஜஹான் கொம்பியூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். மூளையின் பின்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. நெற்றிக்குப் பின்னால், இரண்டு பக்கமும் நீலம். அங்கே இரத்த ஓட்டம் நன்றாகக் குறைந்துவிட்டது என்றார். மற்றவரின் மனம் நோகும் என்று அறிவதும், செய்யக்கூடாததைச் செய்யாமல் தன்னைத் தடுப்பதும் அந்தப் பகுதியின் வேலை. படத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்த்தால் இது டிமென்ஷியாவில் ஒரு வகை. இதில் மறதி முதலில் வருவதில்லை. நோயை மாற்றுவதற்கு மருந்தும் இல்லை. யதுர்சிகா அழத் தொடங்கினாள். மனோன்மணி டொக்டரின் பேனையை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"இது எப்ப துவங்கினது, டொக்டர்?"

"சரியாச் சொல்லேலாது ஐயா. நீங்க சொல்றதைப் பார்த்தா, நாலு வருசமாவது இருக்கும்."

அவர் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அடிச்சனான்" என்றார். "கன தரம் அடிச்சனான். அதால வந்ததோ?"

"அதால வந்ததில்லை." டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். "ஆனா இனி அடிக்கக்கூடாது."

மகளின் அழுகை நின்றுபோனது. செத்தவீட்டில் நடந்தது அவளுக்குத் தெரியும். கன தரம், வீட்டிலும் பல தடவை என்பது தெரியாது. பஸ் நிலையம் வரைக்கும் அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் போனாள். தாயை பஸ்ஸில் யன்னலோரம் இருத்திவிட்டு இறங்கும்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்த கிழமை லீவு எடுத்துக்கொண்டு வாறன். அதுவரைக்கும் அம்மாவில கை வைக்காதேங்கோ, அப்பா."

மதவாச்சி தாண்டியதும் மனோன்மணி எழும்பி எட்டி, முன்சீட்டுக் குழந்தையின் கையிலிருந்த பணிஸைப் பறித்துத் தின்னத் தொடங்கினாள். குழந்தை வீரிட்டது. தாய் திரும்பி முறைத்தாள். கனகரத்தினம் எழுந்து நின்றார்.

"பிழையா நினைக்காதேங்கோ, பிள்ளை. என்ர மனிசிக்குச் சுகமில்லை."

இந்த வார்த்தையை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பரவாயில்லை என்றாள் அந்தப் பெண். என்றாலும் குழந்தையைத் தூக்கி மற்றப் பக்கம் இருத்திக்கொண்டாள்.

மனோன்மணியின் உதட்டுக்குக் கீழே, நாடியில் பணிஸ் துகள் ஒட்டியிருந்தது. துடைத்துவிடக் கையைத் தூக்கினார். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு யன்னலோடு ஒடுங்கினாள். கனகரத்தினம் தன் கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்து, சீட்டில் அவற்றின்மேல் உட்கார்ந்தார். வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதும் கம்பியைப் பிடிக்க அவற்றை வெளியே எடுக்கவில்லை. விரல் இடுக்குகளினூடாக அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.