எடுக்காமல் விட்ட இரண்டாவது ரத்தம்

ஷோபனா கலசப்பாக்கத்துக்காரி. ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டராக வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாதம் தவறாமல் அங்கே மாத்திரை வாங்க வருபவர்களில் சின்னராசுவும் ஒருவர். ஐம்பத்தெட்டு வயது, சாமை விதைக்கிறவர். இதயம் பலவீனமாகி, ரத்தத்தைத் தள்ளும் வேலையைப் பாதிதான் செய்துகொண்டிருந்தது. கால் வீங்கும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். மனைவி பாஞ்சாலைதான் ஒவ்வொரு முறையும் அழைத்து வருவார்.

அந்தச் சித்திரையில் நிலையத்துக்கு ட்ரோபோனின் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வந்தது. ட்ரோபோனின் என்பது இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் பொருள். கால் மணி நேரத்தில் அளவு தெரிந்துவிடும். கருவி வந்த இரண்டாம் வாரமே சின்னராசு மூச்சுத் திணறலோடு வந்தார். ட்ரோபோனின் நாற்பத்தெட்டு என்று காட்டியது. இருபதைத் தாண்டக் கூடாது என்று கருவியோடு வந்த அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். ஷோபனா பதறிப்போய், மாரடைப்பு என்று எழுதி, ஆம்புலன்ஸில் ஏற்றி வேலூருக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அங்கிருந்து ஒரு பெரிய டாக்டர் போன் செய்தார். மூன்று முறை ரத்தம் எடுத்தும் அளவு அசையவில்லை என்றார். இதயம் பலவீனமானவர்களுக்கு அது எப்போதுமே கொஞ்சம் கூடித்தான் இருக்கும், ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மாரடைப்பு என்று முடிவு கட்டக் கூடாது, மூன்று மணி நேரம் விட்டு மறுபடி எடுத்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"மெஷின் குடுத்தா மட்டும் போதுமாம்மா, படிக்கத் தெரிய வேணாமா?"

போனில் அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. ஷோபனாவுக்குக் காது சுட்டது. எதிரே நின்ற செவிலியர் சசிகலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பல நாள் அந்தச் சிரிப்பு ஷோபனாவை விடவில்லை. பெரிய டாக்டர் சொன்னதில் 'எப்போதும் கூடித்தான் இருக்கும்' என்பது மனதில் தங்கியது. 'மறுபடி எடுத்துப் பார்' என்பது தங்கவில்லை.

ஆவணியில் ஒரு காலை பத்து மணிக்குச் சின்னராசு மறுபடி வந்தார். இந்த முறை மூச்சுத் திணறல் இல்லை. தாடை இழுக்கிறது, நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இருக்கிறது என்றார். அவருடைய ஈசிஜி பழைய பாதிப்பால் எப்போதும் கோணலாகவே இருக்கும். புதிதாக ஏதும் நடந்திருந்தாலும் அதில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ட்ரோபோனின் எழுபத்தொன்று என்று வந்தது.

"மேடம், போன வாட்டி நாப்பத்தெட்டுதானேங்க. ஒரு மணிக்கு இன்னொரு வாட்டி எடுத்துப் பாக்கலாங்களா?" என்று சசிகலா கேட்டாள்.

"அவருக்கு எப்பவும் அப்படித்தான் இருக்கும். மறுபடி வேலூர்ல நான் பேச்சு வாங்கணுமா?"

ஷோபனா வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். பாஞ்சாலை வாசல் வரை போய்த் திரும்பி வந்து, வூட்டுக்கு நம்பிக் கூட்டிப் போகலாமா என்று கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, போங்கள் என்றாள் ஷோபனா.

நாலு மணிக்கு ஒரு ஜீப்பில் அவரைத் தூக்கி வந்தார்கள். சட்டை முழுக்க வியர்வை, முகம் சாம்பலாகிப்போயிருந்தது. ட்ரோபோனின் இரண்டாயிரத்தைத் தொட்டிருந்தது. கொடுக்க வேண்டிய மருந்துகளைக் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஷோபனாவும் ஏறிக்கொண்டாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவர் நாடியைப் பிடித்தபடியே திருவண்ணாமலை வரை போனாள். அங்கே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் பாதி வேலை செய்துகொண்டிருந்த இதயம் இப்போது கால்வாசிதான் செய்தது.

மறுநாள் நடந்ததை எழுதி அனுப்பும்படி மேலதிகாரி கேட்டார். அதோடு அனுப்ப வேண்டிய நோயாளிச் சீட்டில் காலைப் பதிவுக்குக் கீழே இரண்டு வரி இடம் காலியாக இருந்தது. 'காத்திருக்கச் சொல்லியும் நோயாளி கிளம்பி' என்று எழுதிய ஷோபனா நிமிர்ந்து பார்த்தாள். சசிகலா பக்கத்து மேசையில் ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. நீ பொய்தான் எழுதப் போகிறாய் என்று தெரிந்தே அவள் குனிந்திருப்பதுபோல் ஷோபனாவுக்குப் பட்டது. அந்த வரியை அடித்தாள். 'மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கவில்லை. செவிலியர் எடுத்துச் சொன்னார். நான்தான் மறுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த நாள் திருவண்ணாமலைக்குப் போனாள். வார்டுக்கு வெளியே குழாயடியில் பாஞ்சாலை தூக்குச்சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஷோபனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வேலூரில் கிடைத்த அவமானத்தையும் மறைக்கவில்லை. சொல்லும்போதே அது ஒரு சாக்குப்போல ஒலித்தது, நிறுத்திக்கொண்டாள்.

பாஞ்சாலை குழாயை மூடினார்.

"அன்னிக்கு வேலூர் போய் ஒண்ணுமில்லன்னு திரும்புனமே, ஊரே கிண்டல் பண்ணிச்சு. அதுக்கோசரம் இந்த வாட்டி வலிய சொல்லாம ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. நான்தான் சண்ட போட்டு இட்டாந்தேன். நீங்க போங்கன்னீங்க. வழியெல்லாம் என்னியத் திட்டிக்கினே வந்தாரு."

பாஞ்சாலை தூக்குச்சட்டியிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"இப்ப வந்து சொல்றீங்க. நான் இன்னா பண்ணணும்ங்க?"

ஷோபனா பஸ் ஏறி மலைக்குத் திரும்பினாள்.

மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அவள் மலையிலேயே இருந்தாள். சின்னராசு ஏரைத் தொடவில்லை. நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டார். மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் பாஞ்சாலை, நேராகச் சசிகலாவிடம் போய் வாங்கிக்கொண்டு போய்விடுவார். டாக்டர் அறைப் பக்கம் திரும்ப மாட்டார்.

மாசியில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். விடிந்ததிலிருந்து நெஞ்சு என்னவோ செய்கிறது என்றார் சின்னராசு. ஷோபனா ரத்தம் எடுத்தாள். ஈசிஜி எடுத்து, கட்டிலில் படுக்க வைத்து, மூன்று மணி நேரமும் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி ரத்தம் எடுத்தாள். இதற்குள் வலியும் விட்டிருந்தது.

பாஞ்சாலை எழுந்து வந்து அவள் எதிரில் நின்றார்.

"மொதல்ல எவ்ளோ இருந்திச்சு?"

"அறுபத்திரெண்டுங்க."

"இப்ப?"

"அறுபத்திமூணு. ஏறல."

பாஞ்சாலை அந்த இரண்டு எண்களையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பி, செருப்பை மாட்டிவிட்டு, வெளியே கூட்டிக்கொண்டு போனார்.