எரிஞ்சு போச்சு

"கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சு" என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. போர்டில் பொட்டளவு பழுது என்றாலும் எரிஞ்சு போச்சுதான். தீயும் இருக்காது, புகையும் இருக்காது. அந்த வார்த்தையால் வன்னியபெருமாள் அண்ணாச்சிக்கு முன்பல் போனது. பல் போனால் போகட்டும். போகக்கூடாத ஒன்றும் போனது. நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள் நான், இசக்கிசெல்வி. அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் பாதி வேலையில் சூடேறி அணைந்துவிடும்.

"உள்ள தூசியத் தட்டி, சிப்பு மேல சூடு எறங்கத் தடவுன பேஸ்ட் காஞ்சுபோச்சு, அத மாத்துனா போதும் அண்ணாச்சி" என்றேன்.

"மனுசனுக்கு வேர்த்தா ஃபேன் போடுதோம்லா, இதுக்கு மட்டும் வேண்டாமாக்கும்?"

நாலு ஃபேன் வாங்கிவந்து பெட்டியைச் சுற்றி மாட்டி, தனி அடாப்டரில் ஓடவிட்டார். நாலும் உள்ளே ஊதுகிறவை. முதலில் சூடு குறையத்தான் செய்தது, மீசையை முறுக்கிக்கொண்டார். ஆனால் உப்புக்காற்றும் நிலக்கரித் தூளும் நாலு வாசல் வழியாகவும் உள்ளே போய் அப்பின. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. ஒரு மதியம் அணைந்த கம்ப்யூட்டர் பிறகு எழவே இல்லை.

அந்தப் பெட்டிக்குள்தான் சரண்யாதேவி என்ற பெண்ணின் கல்யாண வீடியோ இருந்தது. கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததுதான் ஒரே பிரதி. கல்யாணம் முடிந்த சில நாளில் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தபோது அவர் மைக்கில் ஏதோ பேசினாராம். அவள் அண்ணன் லிங்கராஜ் அப்போது பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அந்தக் குரலைப் போடவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்.

முந்தின நாள் லிங்கராஜ் வந்தபோது, டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டுவதற்காக நான் ஓடிக்கொண்டிருந்த ஃபேன்களைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து திருப்புளியோடு உட்கார்ந்திருந்தேன்.

"வீடியோ ரெடியா அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சு தம்பி."

டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை என்று சேர்த்துச் சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு எழவில்லை.

"எங்கப்பாவ நான் ஒருதடவ எரிச்சிட்டு வந்தேன். நீரு ரெண்டாந்தடவையும் எரிச்சிட்டீராவே?"

அறை விழுந்தது. அண்ணாச்சி கண்ணாடி அலமாரியோடு சாய்ந்தார். லிங்கராஜ் அவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, முகத்தைச் சுவரில் மோதினார். பல்லும் ரத்தமும் தரையில் விழுந்தன. பிறகு மூலையில் கிடந்த ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்தார். நான் குறுக்கே பாய்ந்தேன். தோளில் விழுந்த அடியில் என் இடக்கை மரத்துப்போனது. அவர் மேசைப் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சனியந்தான தின்னுச்சு!"

"அண்ணே, அடிக்காதீய! டிஸ்க் நல்லாருக்கு! ஒங்கப்பா அதுக்குள்ளதான் இருக்காவ!"

வெறி பிடித்தவர் காதில் எது ஏறும்? ஓங்கி ஓங்கி அடித்தார். தகரம் நசுங்கி, டிஸ்க் தெறித்துத் தரையில் விழுந்தது. அதன் மேலும் அடித்தார்.

மூச்சிரைக்க நின்றவரிடம் அதை எடுத்து ஆட்டிக் காட்டினேன். உள்ளே கலகலத்தது.

"என்னளா இது?"

"ஒங்கப்பா பேசுனது இதுலதான் இருந்துச்சு. இது எரியல. நீங்கதான் ஒடச்சீய."

அவர் முகம் செத்துப்போனது. மண்டியிட்டு, கம்பியை என்னிடம் நீட்டினார். "என் மண்டையில ஒண்ணு போடுளா."

போடத்தான் ஓங்கினேன். மழித்த தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது. மனம் வரவில்லை. பெட்டி செத்த பிறகும் தரையில் கிடந்த நாலு ஃபேனும் தனி அடாப்டரில் ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை அடித்து நொறுக்கினேன்.

சத்தம் நின்றதும் லிங்கராஜ் கேட்டார்: "நீ எடிட் பண்ணும்போது கேட்டிருப்பியே. அப்பா என்ன சொன்னாவ?"

எத்தனையோ முறை கேட்டது. அவர் அப்பா சொன்னபடியே சொன்னேன்:

"'எம்புள்ளைங்க மேல நான் ஒருநாளும் கை ஓங்குனதில்ல மாப்ள. நீங்களும் ஓங்கப்படாது.'"

லிங்கராஜ் வீங்கியிருந்த என் தோளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டு அழுதார்.